விதியா, விதிமீறலா?

நம் மொழியிலே 'விதி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, தலையிலே எழுதப்பட்டது என்று சொல்லப்படுவது. மற்றொன்று, தாளிலே எழுதப்பட்டது. மன்றத்திலும் அலுவலகத்திலும் மனிதர்கள் கூடி எழுதியது. தலையிலே எழுதியதை எவரும் படித்ததில்லை. தாளிலே எழுதியதை எவரும் படிக்கலாம். ஆனால் நம் நாட்டிலே ஒரு வேடிக்கை! படிக்க முடியாத விதியைப் பலர் நம்புகிறார்கள். படிக்க முடிந்த விதியைச் சிலர் மதிப்பதே இல்லை.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடிக்கிறது. கூரை பறக்கிறது. சுவர் சரிகிறது. காலையிலே தூக்குச்சட்டியுடன் போனவர்கள் மாலையிலே துணிப்பொதியாகத் திரும்புகிறார்கள். ஊர்க் கிழவி மார்பிலே அடித்துக்கொண்டு, "அவ விதி அவ்வளவுதான்" என்று அழுகிறாள். அந்தக் கிழவி மீது நமக்குக் கோபமில்லை. அவளுக்கு வேறு ஆறுதலை இந்த நாடு தரவில்லை. ஆனால் அதே சொல்லை ஆலை உரிமையாளர் சொல்லும்போது, அதிகாரி சொல்லும்போது, 'எதிர்பாராத விபத்து' என்று ஏடுகள் எழுதும்போது, நாம் நின்று கேட்க வேண்டியிருக்கிறது: எந்த விதி? தலையில் எழுதியதா, தாளில் எழுதியதா?

எதிர்பாராதது என்கிறார்களே, கணக்கைப் பார்ப்போம். 1991-ஆம் ஆண்டு சிவகாசிப் பட்டாசு ஆலையொன்று வெடித்தது. இறந்தவர் 39 பேர் என்று உச்சநீதிமன்றத்திலே கணக்குச் சொல்லப்பட்டது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஏறத்தாழ 40 உயிர்கள் போயின; காப்பாற்ற ஓடிவந்தவர்களும், என்னவென்று பார்க்க வந்தவர்களும் அந்தக் கணக்கிலே அடக்கம். 2021 பிப்ரவரி 12, சாத்தூரை அடுத்த அச்சங்குளம். 20 பேருக்கு மேல் மாண்டனர். 2023 அக்டோபர் 17, ஒரே நாளில் இரண்டு இடங்களில் வெடி. 2024 மே 9, செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. இடையிலே ஒருவர், இருவர் என்று மாண்டவர்களைச் சேர்த்தால் பட்டியல் இந்தப் பக்கத்திலே அடங்காது.

ஊர் மாறுகிறது, ஆண்டு மாறுகிறது, ஆலையின் பெயர் மாறுகிறது. விசாரணையில் வெளிவரும் காரணம் மட்டும் மாறுவதே இல்லை. மருந்து கலக்கும்போது உராய்வு. அளவுக்கு மேல் இருப்பு. அறைக்குள்ளே அளவுக்கு மேல் ஆட்கள். உள்குத்தகை. இவை திரும்பத் திரும்ப வருகின்றன. விதி என்று ஒன்று இருந்தால் அதற்கு முகவரி தெரியுமோ? உரிமையாளரின் மாடி வீட்டுக்கு வழி தவறிக்கூடப் போகாமல், மருந்து அறைக்கே நேராக நடந்து வருகிறதே, அது என்ன விதி?

அந்த அறைக்குள்ளே நடப்பது என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். வெடியுப்பு இருக்கிறது, கந்தகம் இருக்கிறது, அலுமினியத் தூள் இருக்கிறது. தனித்தனியே இருக்கும்வரை இவற்றைக் காப்பது எளிது. ஒன்றாய்க் கலந்துவிட்டால், அந்தக் கலவை தீக்குச்சிக்காகக் காத்திருப்பதில்லை. ஓர் உராய்வு போதும். கீழே விழுந்த ஓர் இரும்புச் சாமானின் பொறி போதும். நைலான் துணியிலே பிறக்கும் மின்னூட்டம் போதும். ஈரம் பட்டால் அலுமினியத் தூள் உள்ளுக்குள்ளேயே சூடேறும். முதல் நாள் மீந்த கலவை மறுநாள் காலையிலே கை பட்டவுடன் சீறும். வானத்திலே வண்ணம் காட்டும் பேன்சி ரகத்துக்கு மணிமருந்து வேண்டும்; அதை உருட்டுவதும் காயவைப்பதும் இன்னும் ஆபத்து.

இவற்றையெல்லாம் அறிந்துதான் விதி எழுதினார்கள். வேலைக்கூடம் ஒன்றிலே 4 பேருக்கு மேல் கூடாது. அன்றன்று தேவையான அளவுக்கு மேல் மருந்து கலக்கக் கூடாது. மீதத்தை இரவிலே வைக்கக் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். இரும்புக் கருவி கூடாது. பருத்தி உடை வேண்டும். மின்னூட்டத்தைத் தரைக்குக் கடத்தும் விரிப்பு வேண்டும். தகுதி பெற்ற போர்மேன் பக்கத்திலே நிற்க வேண்டும். மரத்தடியிலும் வெட்டவெளியிலும் வேலை நடக்கக் கூடாது.

ஏன் 4 பேர்? அந்த 4 என்ற எண்ணின் உட்பொருளை நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது. 'வெடித்தாலும் வெடிக்கலாம், வெடித்தால் நால்வரோடு நிற்கட்டும்' என்று எழுதப்பட்ட எண் அது. அந்த இரக்கமற்ற கணக்கைக்கூடக் காப்பாற்றாமல், நால்வர் இருக்க வேண்டிய இடத்தில் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று அடைத்து வைக்கிறார்களே, அங்கே தொடங்குகிறது குற்றம்.

"தொழிலாளிகளே விதியை மீறுகிறார்கள், நாங்கள் சொன்னால் கேட்பதில்லை. கவனக்குறைவு!" என்பது உடனே வரும் பதில். உரிமையாளர் சங்கக் கூட்டங்களிலே ஒலிக்கும் பல்லவி இது. கவனக்குறைவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கவனம் என்பது மனிதனின் மூளையிலே மட்டுமா இருக்கிறது? அவன் வாங்கும் கூலியிலும் இருக்கிறது என்கிறோம் நாம்.

எப்படி? பட்டாசு ஆலையிலே பெரும்பாலான வேலை துண்டுக்கூலி. இத்தனை உருப்படி செய்தால் இவ்வளவு. நிதானமாக அள்ளி, நிதானமாகச் செலுத்தி, சிந்திய மருந்தைத் துடைத்து, கையைக் கழுவி, விதிப்படி வேலை செய்கிறாள் ஒரு பெண். அவளுக்கு மாலையிலே இரண்டு பங்கு கூலி. துடைக்காமல், கழுவாமல், விரைந்து செய்கிறாள் மற்றொருத்தி. அவளுக்கு மூன்று பங்கு. விதியை மதிப்பவளுக்கு அபராதம், மீறுபவளுக்குப் பரிசு! பரிசு கொடுப்பவர் யார்? கூலி முறையை வகுத்தவர். பிறகு அவரே, 'அவசரப்பட்டாள். அதனால் செத்தாள்' என்று தீர்ப்பும் சொல்கிறார். வாயிலே 'மெதுவாகச் செய்' என்று சொல்லி, கூலியிலே 'விரைந்து செய்' என்று சொன்னால், வயிறு எதைக் கேட்கும்? கரிசல் காட்டிலே மழை பொய்த்து, பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் மகளின் திருமணத்துக்கும் முன்பணம் வாங்கி, அதைக் கழிக்க ஆலைக்கு வந்தவள் அவள். அவள் வயிறு வாயின் பேச்சைக் கேட்காது. கூலியின் பேச்சைத்தான் கேட்கும்.

அடுத்தது உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரிலே இருக்கும். அவர் ஆலையை இன்னொருவருக்கு விடுவார். அவர் அறை அறையாகப் பிரித்துப் பலருக்கு விடுவார். நான்கு அறை எடுத்தவன் கொடுத்த வாடகையைத் தீபாவளிக்கு முன்னே எடுத்தாக வேண்டும். இலாபமும் பார்த்தாக வேண்டும். அவனுக்கு ஆலை நாளைக்கு இருக்க வேண்டும் என்ற கவலை இல்லை. இந்தப் பருவம் முடிய வேண்டும், அவ்வளவே. ஆகவே ஆள் மேல் ஆள். மருந்து மேல் மருந்து. அறை போதாவிட்டால் மரத்தடி. ஒரே வேலிக்குள்ளே பல முதலாளிகள். ஆனால் பொறுப்பு யாருக்கு என்று கேட்டால் ஒருவரும் இல்லை! அச்சங்குளத்திலே இந்த உள்குத்தகைக் கூத்து விசாரணையிலே அம்பலமாயிற்று. அதற்குப் பிறகும் வெடித்த ஆலைகள் பலவற்றிலே இதே சொல் காதிலே விழுந்துகொண்டிருக்கிறது.

இதைப் பார்க்க அதிகாரிகள் இல்லையா? இருக்கிறார்கள், நிறைய இருக்கிறார்கள். அதுதான் தொல்லை. பெரிய ஆலைக்கு உரிமம் நாக்பூரிலிருந்து வரும். அதற்கடுத்த அளவுக்குச் சென்னையிலிருந்து. சிறிய ஆலைக்கு மாவட்ட வருவாய் அலுவலர். அதனாலேயே சிவகாசியிலே 'நாக்பூர் லைசென்ஸ்', 'சென்னை லைசென்ஸ்', 'டி.ஆர்.ஓ. லைசென்ஸ்' என்று ஆலைகளுக்குச் சாதிபோல் பெயர் வழங்குகிறது. வெடிபொருள் துறை மத்திய அரசுடையது. தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் மாநில அரசுடையது. இவற்றோடு வருவாய்த் துறை, காவல்துறை, தீயணைப்புத் துறை. விருதுநகர் மாவட்டத்திலே பட்டாசு ஆலைகள் ஆயிரத்துக்கு மேல். வெடித்த பிறகு எல்லாத் துறையும் வருகிறது, கோப்போடு வருகிறது. வெடிக்கும் முன்னே யார் வந்திருக்க வேண்டும் என்று கேட்டால், ஒரு துறை மற்றொரு துறையைச் சுட்டுகிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இங்கே கண் கெட்ட பிறகும், யார் நமஸ்காரம் செய்வது என்று சண்டை!

முதலிப்பட்டி ஆலையின் உரிமம், விதி மீறலுக்காக வெடிக்கும் முன்னரே நிறுத்தி வைக்கப்பட்டதென்று அன்றைய ஏடுகளிலே செய்தி வந்தது. எண்ணிப் பாருங்கள். உரிமத்தை நிறுத்திய தாள் இருந்தது. வேலையை நிறுத்தும் கை இல்லை. தாளின் விதி அலுவலகத்திலே உறங்கிற்று. அதற்குள் தலையின் விதி என்று சொல்லி நாற்பது பிணங்களை அடக்கம் செய்தாயிற்று.

பிறகு வருகிறது நிவாரண நிதி. முதலமைச்சர் நிதியிலிருந்து சில இலட்சம். பிரதமர் நிதியிலிருந்து 2 இலட்சம். கொடுக்கட்டும். இழவு வீட்டுக்கு அரசு வருவதை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு என்பதைத் தொழிலாளித் தோழர்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நிவாரணம் அரசு கருணையால் தருவது. அது மக்களின் வரிப்பணம். இழப்பீடு முதலாளி சட்டத்தால் தரவேண்டியது. அது தொழிலாளியின் உரிமை.

அந்த உரிமை நேற்று வந்ததல்ல. கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலே தொழிலைத் தொடங்கியது 1923-இல். அதே 1923-இல்தான் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் இயற்றப்பட்டது. வேலையிலே அடிபட்டால், முதலாளியின் தவற்றை மெய்ப்பிக்க வேண்டியதில்லை, இழப்பீடு தந்தாக வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் உயிர். குத்தகைக்காரனின் ஆள் என்று சொல்லி மூல முதலாளி தப்பவும் அது வழிவிடவில்லை. 1985-இல் தில்லியிலே ஓர் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்த வழக்கில், 1986 டிசம்பரில் உச்சநீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஆபத்தான தொழிலை நடத்தி இலாபம் பெறுகிறவன், அதனால் வரும் கேட்டுக்கு முழுப் பொறுப்பு. எந்தச் சாக்கும் செல்லாது. நிறுவனம் எவ்வளவு பெரிதோ, இழப்பீடும் அவ்வளவு பெரிது என்றது. அச்சங்குளத்திலே மாண்டவர் குடும்பத்துக்கு 20 இலட்சம் ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2021-இல் உத்தரவிட்டதும் இந்தப் பொறுப்பை எண்ணித்தான். ஆகவே நிவாரணக் காசோலையோடு படம் எடுத்து முடிந்தவுடன், நம் தோழர்கள் அந்த வீட்டிலே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இழப்பீட்டு மனு போட்டாயிற்றா? ஆள் பெயர் ஆலைப் பதிவேட்டிலே இருந்ததா? ஈ.எஸ்.ஐ. உண்டா?

"இப்படியெல்லாம் கிடுக்கிப் பிடி போட்டால் தொழில் நசிந்துவிடும்; இலட்சக்கணக்கான மக்களின் அடுப்பு அணைந்துவிடும்" என்று பயமுறுத்துவார்கள். இந்தப் பயமுறுத்தலுக்கு வயது நூறுக்கு மேல். இலண்டன் நகரத்திலே 1888-இல் என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம். நம் தீப்பெட்டித் தொழிலுக்கு உறவான கதை அது.

இலண்டனின் கிழக்குப் பகுதியிலே பிரயன்ட் அண்ட் மே என்ற பெரிய தீப்பெட்டி ஆலை. ஏழைப் பெண்கள், சிறுமிகள் அங்கே வேலை செய்தார்கள். பேசினால் அபராதம், குச்சி கீழே விழுந்தால் அபராதம். குச்சியின் தலையிலே வைத்த மருந்து வெள்ளைப் பாஸ்பரஸ். அதன் ஆவி பற்களின் வழியே புகுந்து தாடை எலும்பை அழுகச் செய்யும். வேலை செய்த மேசையிலேயே சோறு தின்றார்கள். சோற்றோடு நஞ்சும் தின்றார்கள். இதை வெளியிலே எடுத்து எழுதியவர், பிற்காலத்திலே நம் அடையாறுக்கு வந்தாரே, அதே அன்னி பெசன்ட் அம்மையார்! அவருடைய அரசியலோடு நமக்கு உடன்பாடில்லாதது ஊரறிந்தது. ஆனால் அன்று அவர் எழுதியது ஏழைப் பெண்ணுக்காக. 1888 ஜூலையிலே ஏறத்தாழ 1,400 பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் நிர்வாகம் இறங்கிவந்தது. அபராதம் ஒழிந்தது. நஞ்சு படாமல் உண்ணத் தனி அறை கிடைத்தது. சங்கம் பிறந்தது.

வெள்ளைப் பாஸ்பரஸ் மட்டும் உடனே ஒழியவில்லை. 'அதில்லாமல் தீப்பெட்டி இல்லை. தடுத்தால் தொழில் போய்விடும்' என்றார்கள். அந்த ஆலை அதைக் கைவிட 1901 ஆயிற்று. 1906-இல் பெர்ன் நகரிலே நாடுகள் கூடித் தடைக்கு ஒப்பந்தம் செய்தன. 1913-இல் இந்தியாவிலும் தடைச்சட்டம் வந்தது. தீப்பெட்டித் தொழில் செத்ததா? தடை வந்து பத்து ஆண்டு கழித்துத்தான் சிவகாசியிலே பிறக்கவே பிறந்தது! இன்று நம் சட்டைப் பையிலே இருக்கும் தீப்பெட்டியின் பட்டையிலே சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கிறது. குச்சி எரிகிறது, தாடை அழுகவில்லை. செத்தது நஞ்சு, தொழில் அல்ல.

அவ்வளவு தூரம் போவானேன்? சிவகாசியிலேயே சான்று இருக்கிறது. விடியும் முன்னே ஊர் ஊராய்ப் பேருந்து வந்து, தூக்கக் கலக்கத்திலே இருந்த பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஆலைக்குப் போன காலம் ஒன்று இருந்தது. 'பிஞ்சு விரல் இல்லாவிட்டால் பெட்டி ஒட்ட முடியாது' என்று அன்று வாதாடினார்கள். 1986-இல் குழந்தைத் தொழில் சட்டம் வந்தது. ஆபத்தான தொழிலில் வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளிக்கூடமும் சத்துணவும் பிள்ளையை ஒரு பக்கம் இழுத்தன. சட்டம் முதலாளியை மறுபக்கம் தடுத்தது. அந்தக் கொடுமை பெருமளவு குறைந்தது. தொழில் குறைந்ததா? நாட்டின் பட்டாசிலே பத்தில் ஒன்பது பங்கு அந்த வட்டாரத்திலே செய்யப்படுவதாக அவர்களே மார்தட்டுகிறார்கள். ஆகவே 'முடியாது' என்று சொல்லப்படும் ஒவ்வொன்றுக்கும் 'இதுவரை கேட்கவில்லை' என்றுதான் பொருள்.

இது சிவகாசியின் நோய் மட்டுமல்ல. சின்னக்காமன்பட்டி வெடித்ததற்கு முந்தின நாள், 2025 ஜூன் 30 அன்று, தெலங்கானாவின் பாசமைலாரத்திலே மருந்துப் பொருள் ஆலை ஒன்று வெடித்து 40 பேருக்கு மேல் மாண்டனர். ஓலைக் கொட்டகையிலே அல்ல, பெரிய தொழிற்பேட்டையிலே. 1984 டிசம்பர் 2 நள்ளிரவு தாண்டியதும் போபாலிலே நஞ்சுக் காற்று பரவியதே, அது உலகப் பெரு நிறுவனத்தின் ஆலை. நஞ்சைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய இயந்திரம் மாதக்கணக்கிலே நிறுத்தப்பட்டிருந்தது. கசிந்ததை எரித்து அழிக்க வேண்டிய கோபுரம் பழுது பார்ப்பதற்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது. சிக்கனமாம்! 1981-இலேயே ஒரு தொழிலாளி அதே ஆலையிலே நஞ்சு வாயுவுக்குப் பலியானார். இராஜ்குமார் கேஸ்வானி என்ற செய்தியாளர் 1982-இலேயே, ஊருக்கு ஆபத்து என்று எழுதினார். தொழிலாளி சொன்னான், ஏடு சொன்னது, கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. ஆயிரமாயிரம் பேர் மாண்டனர். 2010-இல் தீர்ப்பு வந்தது; தண்டனை இரண்டு ஆண்டு; உடனே பிணை. ஒரு நகரத்தின் மூச்சுக்கு இந்த நாடு வைத்த விலை அது.

போபாலுக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்திலே ஆபத்தான தொழில்களுக்கென்று தனி அத்தியாயம் சேர்த்தார்கள். தொழிலாளியும் நிர்வாகமும் சேர்ந்த பாதுகாப்புக் குழு வேண்டும் என்றது அது. ஆபத்து நெருங்குகிறது என்று தொழிலாளி எண்ணினால், நிர்வாகத்தையும் ஆய்வாளரையும் எச்சரிக்க உரிமை உண்டு என்றது. நல்லதுதான். ஆனால் எச்சரிக்கலாமே தவிர, வேலையை நிறுத்த அவனுக்கு அதிகாரம் இல்லை. எச்சரித்த தொழிலாளிக்கு மறுநாள் வேலை உண்டா என்பதற்கும் பதில் இல்லை.

இப்போது 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. பாதுகாப்பு பற்றிய தொகுப்பிலே 'தொழிற்சாலை' என்பதன் இலக்கணம் மாறிவிட்டது. முன்பு மின்விசையோடு 10 பேர், மின்விசை இல்லாமல் 20 பேர் இருந்தால் தொழிற்சாலை. இப்போது 20, 40. ஆபத்தான தொழில் நடக்கும் ஆலையிலே பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் இருக்க வேண்டுமானால் 250 தொழிலாளர் இருக்க வேண்டும். மருந்து அறையிலே 4 பேர். அதிகாரி வர 250 பேர்! உள்குத்தகையால் துண்டு துண்டாக்கப்பட்ட ஆலையிலே 250 பேரை ஒரே பதிவேட்டிலே எப்போது காண்பது? ஆபத்தான வேலையிலே ஒருவரே இருந்தாலும் சட்டத்தை விரிவுபடுத்தி மத்திய அரசு அறிவிக்கலாம் என்று ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறார்கள். அறிவிக்க-லாம். அந்த 'லாம்' எந்த உயிரையும் காக்காது. 'வேண்டும்' என்று ஆக்கும்வரை நாம் விடக்கூடாது.

அப்படியானால் நாம் கேட்பது என்ன? வானத்தை வில்லாய் வளைக்கச் சொல்லவில்லை. ஐந்தே ஐந்து.

ஒன்று: மருந்து கலக்கும் அறையிலும் மருந்து செலுத்தும் அறையிலும் துண்டுக்கூலி ஒழிய வேண்டும். அங்கே நாள் கூலி வேண்டும், அதுவும் குறையாத நாள் கூலி. பரபரப்புக்குப் பரிசு கொடுக்கும் முறை அந்த அறைகளின் வாசற்படியைத் தாண்டக் கூடாது.

இரண்டு: ஆலை யார் கையிலே இருந்தாலும், உரிமம் யார் பெயரிலே இருக்கிறதோ அவரே பணத்துக்கும் சிறைக்கும் பொறுப்பு. உள்குத்தகை கண்டுபிடிக்கப்பட்டால் உரிமம் நிறுத்தம் அல்ல, நீக்கம்.

மூன்று: கலவை வேலையை மனிதக் கையிலிருந்து எடுத்து, தடுப்புச் சுவருக்கு அப்பால் நின்று இயக்கும் இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். சிறு ஆலைகள் செலவைத் தாங்க முடியாது என்றால் கூட்டுறவிலே பொதுக் கலவை நிலையம் அமைக்கட்டும். அரசு கடன் கொடுக்கட்டும். செத்த பிறகு கொடுக்கும் நிதியிலே ஒரு பகுதியைச் சாகும் முன்னே கொடுத்தால் போதும்.

நான்கு: ஆய்வு அறிக்கை கோப்பிலே தூங்கக் கூடாது. எந்த அறையிலே எத்தனை பேர், எவ்வளவு மருந்து, கடைசியாக எப்போது ஆய்வு, என்ன குறை என்பதைத் தமிழிலே எழுதி ஆலை வாசலிலே தொங்கவிட வேண்டும். எத்தனை துறை இருந்தாலும், பொறுப்பேற்கும் அதிகாரி ஒருவர் பெயர் அதிலே இருக்க வேண்டும்.

ஐந்து: இதுவே தலையாயது. ஆபத்து என்று கண்டால் வேலையை நிறுத்தி வெளியே வரும் உரிமை தொழிலாளிக்கு வேண்டும். வந்த நேரத்துக்குக் கூலியும் வேண்டும். ஆய்வாளர் ஆண்டுக்கு ஒரு முறை வருவார், அல்லது வரமாட்டார். தொழிலாளி நாள்தோறும் அந்த அறையிலே இருக்கிறாள். மருந்து சூடேறுவதை முதலில் உணர்வது அவள் கை. ஐந்தாவது ஆள் உள்ளே நுழைவதை முதலில் காண்பது அவள் கண். அந்தக் கண்ணுக்கும் கைக்கும் அதிகாரம் கொடுங்கள் என்கிறோம். ஆயிரம் ஆய்வாளரை அமர்த்தினாலும் கிடைக்காத காவல் அது.

இதனால் பட்டாசு விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும். பண்டிகை நாளிலே நாம் கொளுத்தும் சரக்கின் விலையிலே மருந்து விலை இருக்கிறது. காகித விலை இருக்கிறது. வண்டி வாடகை இருக்கிறது. கடைக்காரர் இலாபம் இருக்கிறது. செய்தவளின் உயிருக்கு மட்டும் அதிலே ஒரு காசுகூட இல்லையென்றால், அந்த மலிவு நமக்கு வேண்டாம்.

தோழர்களே! இதற்குப் பெரிய மாநாடு கூட்ட வேண்டியதில்லை. வெம்பக்கோட்டையிலும் சாத்தூரிலும் சிவகாசியிலும் உள்ள கிளைத் தோழர்கள் தத்தம் ஊரிலே தொடங்கலாம். எந்த ஆலை வண்டி ஊருக்குள் வருகிறது, அதிலே எத்தனை பேர் போகிறார்கள், அவர்களுள் எத்தனை பேருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது, எந்த ஆலையிலே அறை வாடகைக்கு விடப்படுகிறது என்பதையெல்லாம் எழுதுங்கள். எழுதியதைத் துறைக்கு அனுப்புங்கள்; அனுப்பியதற்கு ஒப்புதல் வாங்குங்கள். நாளைக்கு ஒருவர் 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாதபடி செய்யுங்கள். ஆட்சியில் யார் இருந்தாலும் சரி, அந்தத் தாளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

தலையெழுத்தை அழிக்க முடியாது என்று காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள். நாம் அழிக்கச் சொல்லவில்லை. தாளிலே எழுதியதைப் படிக்கச் சொல்கிறோம். ஓர் அறையில் 4 பேர் என்று எழுதியிருக்கிறது. ஐந்தாவது ஆளை உள்ளே அனுப்புகிறவர் யார்? அவர் பெயரை முதலில் கேளுங்கள்.